விசாப் படிவத்துக்கு முன்னர்: பதுளைத் தோட்டங்களில் தொடங்கும் ஆவண வேலை

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவருடைய பெயர் ஈஸ்வரி. பள்ளிக்கூட இடாப்பில் புவனேஸ்வரி. அடையாள அட்டையில் அந்தப் பெயர் சிங்கள உச்சரிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். வீட்டுப் பணிக்காகக் குவைத்துக்குப் போனபோது எடுத்த முதல் கடவுச்சீட்டில் வயது இரண்டு கூடியிருக்கிறது. லயத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவதோ வேறொரு பெயரில்.

இவ்வளவு காலமும் இது அவருக்குப் பெரிய தொல்லையாக இருக்கவில்லை. தோட்டத்து ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இப்போது அவருக்குத் திருமணம் பேசி முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை வன்னியிலிருந்து கனடாவுக்குப் போனவர். அவருடைய பெற்றோர் 1977க்குப் பிறகு ஊவாவை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பத்தினர். சொந்தம் விட்டுப்போகவில்லை. தாலி கட்டியாகிவிட்டது. இனி மனைவியைக் கூப்பிட வேண்டும்.

விசா அதிகாரிக்கு ஈஸ்வரியைத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பில் உள்ள தாள்கள் மட்டுமே. அந்தத் தாள்களில் மூன்று பெயர்களும் இரண்டு பிறந்த திகதிகளும் இருந்தால், அவர் முன் நிற்பது ஒரு பெண்ணா மூன்று பெண்களா என்ற கேள்வி எழும். வாழ்க்கைத் துணைக்கான விசா தாமதமாவதற்கும் மறுக்கப்படுவதற்கும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கோப்பில் இல்லாதது ஒரு முக்கிய காரணம். வெளிநாட்டுப் படிவத்தை நிரப்புவது கடைசி வேலை. முதல் வேலை பதுளையில், பசறையில், அப்புத்தளையில், லுணுகலையில் இருக்கிறது.

இந்தக் குழப்பம் யாருடைய தவறு?

"நம்ம ஆட்களுக்குக் கவனம் பத்தாது" என்று தோட்டங்களில் சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். அது முழு உண்மையல்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனாவது இலங்கையில் பிறந்தவர் என்று, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. கூலி லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அதற்கான தாள் இருந்திருக்கும்? ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் ஒரு சமூகமே நாடற்றதானது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைத் தொகைகளாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974 வரை எடுத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியினரும் ஒரு பிரகடனத்தின் மூலம் பிரசாவுரிமை பெறலாம் என்று சொல்ல 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இந்த அரை நூற்றாண்டில் தோட்டத்துப் பிறப்புகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் வழியாகவே பதிவுக்குப் போயின. தாய் பெயரைச் சொன்னார். தோட்டத்து ஆபீசில் ஒருவர் எழுதினார். பதிவாளர் அதைச் சிங்களத்தில் எழுதினார். எழுதியதைத் தாய்க்கு வாசித்துக் காட்டியவர் எவருமில்லை. அதன் பின்னர் 1983 ஜூலையில் பதுளை நகரில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது தாள்களும் எரிந்தன. வன்னிக்குப் போனவர்கள் 2009இல் எஞ்சியதையும் தொலைத்தார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு சேர்ந்து ஆவணங்களும் புதைந்தன.

ஆகவே ஆவணங்களில் முரண்பாடு இருப்பது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. அதைத் திருத்தலாம், திருத்த முடியாததை விளக்கலாம். மறைப்பதுதான் ஆபத்து.

முதலில் எல்லாத் தாள்களையும் ஒன்றாக வையுங்கள்

விண்ணப்பிக்கப்போகிறவர் தம் பெயர் உள்ள எல்லா ஆவணங்களையும் ஒரே மேசையில் பரப்ப வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, இப்போதுள்ள கடவுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பிறப்புப் பத்திரங்கள். ஒரு கொப்பித் தாளில் ஐந்து விடயங்களை மட்டும் எழுதுங்கள்: முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தகப்பன் பெயர், தாய் பெயர். ஒவ்வோர் ஆவணத்திலும் அவை எப்படி இருக்கின்றன என்று எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக் குறியுங்கள். எங்கெங்கே வித்தியாசம் இருக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இவற்றில் அடித்தளம் பிறப்புப் பத்திரம். அதிலிருந்துதான் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் பிறக்கின்றன. திருத்தத்தையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது.

பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் 27ஆம் பிரிவு. பத்திரத்தில் ஈஸ்வரி என்றிருந்து, வாழ்க்கை முழுவதும் புவனேஸ்வரி என்றே வழங்கியிருந்தால் இந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அந்தப் பெயரைப் பாவித்ததற்குப் பாடசாலைப் பதிவு போன்ற சான்றுகளை இணைக்க வேண்டும்.

எழுத்துப் பிழையோ தகவல் பிழையோ திருத்துவதற்கு 52ஆம் பிரிவு. 

பிறப்பு பதியப்படவேயில்லை என்றால் 24ஆம் பிரிவின் கீழ்க் காலங்கடந்த பதிவு. ஆனால் "பதிவே இல்லை" என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். முதலில் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள். பெயர் வேறு எழுத்துகளில் இருக்கலாம். பிறந்தது தோட்டமென்றாலும் பதிவு பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியின் பிரிவில் கிடக்கலாம். பதிவேட்டின் இரண்டாம் பிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போயிருக்கும் என்பதால், ஓரிடத்தில் அழிந்தது இன்னோரிடத்தில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இந்த விண்ணப்பங்களைப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கலாம். கொழும்புக்கு ரயில் ஏறத் தேவையில்லை.

பதிவும் இல்லை, காலங்கடந்த பதிவுக்குப் போதிய சான்றும் இல்லை என்ற நிலையில் சிலரிடம் உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரம் மட்டுமே இருக்கும். அதைக் கொண்டு அடையாள அட்டை எடுத்தவர்கள் தோட்டங்களில் உண்டு. அது வயதை மட்டும் சொல்லும், பெற்றோர் யார் என்பதை உறுதிப்படுத்தாது. எனவே விசாக் கோப்பில் அதைத் தனியாக வைக்க வேண்டாம். பதிவு இல்லை என்ற தேடுதல் முடிவு, பாடசாலை அனுமதிப் பதிவின் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அது, பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, தோட்ட நிர்வாகத்தின் கடிதம் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். இவற்றில் எது தனியாக நின்றாலும் பலவீனமானது. ஐந்து தாள்கள் ஒரே கதையைச் சொன்னால் அதற்கு மதிப்பு வேறு.

திருத்தம் முடிந்தபின் அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகே விசா விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். இடையில் தொடங்கினால் ஒரே கோப்பில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்துவிடும்.

சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் தமிழ்ப் பெயர்

பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகளான இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. இருந்தாலும் தோட்டத்து மக்களிடமுள்ள பழைய பிறப்புப் பத்திரங்களில் பெரும்பாலானவை சிங்களத்திலேயே இருக்கின்றன. தமிழில் சொன்ன பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மாறும்போது வேறு பெயராகிவிடுகிறது. வேலு என்பது ஓரிடத்தில் ‘வி’யில் தொடங்கும், இன்னோரிடத்தில் ‘டபிள்யூ’வில் தொடங்கும். ராமசாமியின் கடைசி எழுத்து ஓரிடத்தில் ‘ஐ’, இன்னோரிடத்தில் ‘வை’.

மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே செய்விக்க வேண்டும். கடவுச்சீட்டின் பிரதியை அவரிடம் முதலிலேயே காட்டுங்கள். மூல ஆவணத்தில் இருப்பது அதே பெயராக இருக்கும்வரை, அதை ஆங்கிலத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதும்படி கேட்கலாம். மூலத்திலேயே வேறு பெயர் இருந்தால் அதை மாற்றி எழுதக் கேட்கக் கூடாது. அது மொழிபெயர்ப்பல்ல, மோசடி.

எஞ்சும் சிறு வித்தியாசங்களுக்குச் சத்தியக் கடதாசி உதவும். "இந்த ஆவணங்களில் இந்த இந்த வடிவங்களில் காணப்படும் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கின்றன" என்று ஒவ்வோர் ஆவணத்தையும் இலக்கத்துடன் குறிப்பிட்டு, சமாதான நீதவான் முன்னிலையிலோ சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையிலோ கையொப்பமிட வேண்டும். எழுத்து வித்தியாசத்தை விளக்க இது போதும். பிறந்த ஆண்டு வித்தியாசத்தை விளக்க இது மட்டும் போதாது.

தகப்பன் பெயரை முன்னால் வைப்பது நம் வழக்கம். படிவங்கள் குடும்பப் பெயர் என்று ஒன்றைக் கேட்கும். கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அப்படியே படிவத்திலும் எழுதுங்கள். திருமணமாகிவிட்டதே என்று படிவத்தில் மட்டும் கணவன் பெயரைச் சேர்க்காதீர்கள். "வேறு பெயர்கள் உண்டா" என்ற கேள்விக்கு வீட்டுப் பெயரையும் பழைய கடவுச்சீட்டில் இருந்த பெயரையும் எழுத வேண்டும்.

தாலி கட்டியது போதுமா?

தோட்டத்துக் கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டினால் நமக்கு அது கல்யாணம். இலங்கைச் சட்டமும் வழக்கப்படி நடந்த திருமணத்தை முற்றாக ஒதுக்குவதில்லை. ஆனால் வெளிநாட்டு விசாவுக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டிய நாள் ஒன்று, பதிவு செய்த நாள் இன்னொன்று என்றால் படிவத்தில் பதிவு நாளை எழுதி, சடங்கு நடந்த நாளை விளக்கக் கடிதத்தில் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு திகதி விளக்கமின்றி விழுந்தால் அது பொய்போலத் தெரியும்.

கணவன் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், தமிழராக இருந்தாலும் இலங்கைப் பதிவாளருக்கு அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் இலங்கையரை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும் என்று 2021 ஒக்டோபரில் பதிவாளர் நாயகம் சுற்றறிக்கை விட்டார். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது கடும் விமர்சனம் எழுந்தது. இப்படியான விதிகள் சுற்றறிக்கையால் வருபவை, சுற்றறிக்கையால் மாறுபவை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே பதுளை மாவட்டச் செயலகத்திலுள்ள பதிவுப் பிரிவில் அன்றைய நடைமுறையைக் கேட்டுவிடுங்கள். எந்த நாட்டவரானாலும் தாம் இப்போது மணமாகாதவர் என்பதற்கான சான்றைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

தொலைபேசியிலும் காணொளியிலும் நடத்தும் திருமணத்தைக் கனடா ஏற்காது. 2015 ஜூன் 11 முதல், மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் நின்று செய்யாத திருமணம் அங்கே குடிவரவுக்குச் செல்லாது. இருவரும் 18 வயது நிரம்பியவர்களாகவும் இருக்க வேண்டும்.

இலங்கைக்கு வர முடியாத கணவன்மார் தமிழ்நாட்டில் திருமணம் வைப்பது வழக்கமாகிவிட்டது. திருச்சியில் ஒரு கோயில், இரண்டு நாள் மண்டபம், அதோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். பதிவைப் பற்றி முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு. இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, மணமக்களில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்த பின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரப் பயணத்தில் இது நடக்காது. எந்தச் சட்டத்தின் கீழ் எங்கே பதியப்போகிறோம் என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டு, அதற்கேற்பப் பயணச்சீட்டு எடுங்கள்.

முந்தைய திருமணமும் போரில் காணாமற்போனவர்களும்

முந்தைய திருமணம் ஒன்று இருந்திருந்தால், அது சட்டப்படி முடிந்ததற்கான தாள் வேண்டும். விவாகரத்து என்றால் மாவட்ட நீதிமன்றத்தின் முதற்கட்டத் தீர்ப்பு போதாது, அதன் பின் வரும் இறுதிக் கட்டளைதான் திருமணத்தை முடிக்கிறது. இறந்திருந்தால் மரணச் சான்றிதழ்.

போரில் கணவன் காணாமற்போன பெண்களுக்கு இது வெறும் தாள் விடயமல்ல. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெறும் வழியைத் தந்தது. அதை வாங்குவது தேடலைக் கைவிடுவதாகிவிடும் என்று பலர் மறுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. அந்தச் சான்றிதழ் சில உரிமைகளைப் பெற உதவும். ஆனால் அது திருமணத்தை முடித்துவைப்பதில்லை. மறுமணம் செய்து விசாவுக்குப் போக நினைப்பவர், எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை முடிவெடுக்கும் முன் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். பதுளையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது கட்டணமில்லாத வழி.

கூப்பிடுகிறவரின் கோப்பையும் பாருங்கள்

ஊரில் உள்ளவரின் ஆவணங்கள் சரியாக இருந்தும், வெளிநாட்டில் உள்ளவர் பல வருடங்களுக்கு முன் சொன்ன ஒரு வார்த்தையால் விண்ணப்பம் விழுவதுண்டு. அகதிக் கோரிக்கையில் கொடுத்த பெயர், பிறந்த திகதி, பெற்றோர் விபரம், திருமண நிலை எல்லாம் அங்கே கோப்பில் இருக்கின்றன. அந்தப் பிரதிகளை எடுத்து, இப்போது எழுதப்போவதோடு ஒப்பிடுங்கள்.

கனடாவில் இதற்கு ஒரு கடுமையான விதி உண்டு. நிரந்தர வதிவுரிமை பெறும் நேரத்தில் மனைவியோ பிள்ளையோ இருந்தும் அவர்களைக் குறிப்பிடாமல், அதனால் அவர்கள் பரிசோதிக்கப்படாமல் விட்டிருந்தால், பிற்காலத்தில் அவர்களைக் குடும்ப வகுப்பில் கூப்பிட முடியாது. "தனி ஆள் என்று போட்டால் கெதியாக முடியும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கையெழுத்து வைத்தவர்கள் அதற்கான விலையை இப்போது கொடுக்கிறார்கள். 2019இல் இந்த விதிக்குத் தற்காலிகத் தளர்வு ஒன்று வந்தது. அகதிகளாகவோ குடும்பத்தின் மூலமாகவோ போனவர்களுக்கான தளர்வு அது. உங்களுக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இன்னொன்று. அகதியாக ஏற்கப்பட்டவர் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்து திருமணம் செய்தால், பாதுகாப்புத் தேவையில்லாதவர் என்று அவருடைய அகதி நிலையை நிறுத்தக் கனடா நடவடிக்கை எடுக்கலாம். 2012 டிசம்பரில் வந்த மாற்றத்தின் பின், அப்படி நிறுத்தப்பட்டால் நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்து போகும். குடியுரிமை எடுத்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஊர்க் கோயிலில் தாலி கட்டும் ஆசைக்காக இருவருடைய எதிர்காலத்தையும் பணயம் வைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறவர் தானும் வாழ்க்கைத் துணை வழியாகக் கனடா போனவர் என்றால், வதிவுரிமை கிடைத்து 5 வருடம் ஆகும்வரை இன்னொரு துணையைக் கூப்பிட முடியாது. வாழ்க்கைத் துணையைக் கூப்பிடப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று கனடாவில் இல்லை. பிரித்தானியாவில் உண்டு: 18,600 பவுண்ஸ் ஆக இருந்த தொகை 2024 ஏப்ரலில் 29,000 பவுண்ஸ் ஆனது. அதோடு அடிப்படை ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். அமெரிக்காவில் கூப்பிடுகிறவரின் வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் இன்னொருவர் சேர்ந்து பொறுப்பேற்கலாம்.

படிவம் கேட்கும் கேள்விகள்

இப்போதுதான் படிவம். அதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது விலாசம். கனடாவின் பின்னணிப் படிவம் கடந்த 10 வருடங்களில் வாழ்ந்த இடங்களையும் செய்த வேலைகளையும் மாத இடைவெளி இல்லாமல் கேட்கிறது. லயத்து வீட்டுக்கு வீதிப் பெயர் ஏது? பிரிவு, தோட்டம், தபால் நகரம், மாவட்டம் என்ற ஒழுங்கில் எழுதி, எல்லா இடத்திலும் அதே ஒழுங்கைப் பேணுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் எடுத்து வையுங்கள். கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து நாட்கணக்கில் கிடப்பதுண்டு. ஆகவே சொந்தமாக ஒரு மின்னஞ்சல் திறந்து, அதை நீங்களே பார்க்கப் பழகுங்கள். வேறொருவரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் உங்கள் விதி அவருடைய தொலைபேசியில் இருக்கும். வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலத்தையும் "வேலையில்லை" என்று எழுத வேண்டும். வெற்றிடம் விடக்கூடாது.

இரண்டாவது வளைகுடா நாட்கள். 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடங்களில் தொடர்ச்சியாக 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கனடா பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும். இலங்கைக்கானதைப் பொலிஸ் தலைமையகத்தில் இணையவழி கேட்கலாம். குவைத்துக்கோ சவூதிக்கோ நேரம் எடுக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். முகவர் வயதைக் கூட்டி எடுத்துக்கொடுத்த பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதை ஒளிக்காதீர்கள். அதற்கான விளக்கத்தை நேராக எழுதுங்கள். ஏழ்மையில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை அதிகாரி விளங்கிக்கொள்ளக்கூடும். மறைத்ததாகக் கண்டுபிடித்தால் கனடா 5 வருடத் தடை விதிக்கும். அமெரிக்காவில் அது ஆயுள் முழுவதற்கும் நுழைவைத் தடுக்கலாம்.

மூன்றாவது அமைப்புகள் பற்றிய கேள்வி. தொழிற்சங்கம், கட்சி, இயக்கம், படைச் சேவை எல்லாவற்றையும் கேட்பார்கள். தோட்டத் தொழிலாளியாக இருந்தவர் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியிருப்பார், அதை எழுதுவதில் தயங்க எதுவுமில்லை. வன்னியில் வாழ்ந்து கட்டாயத்தின் பேரில் இயக்கத்தில் சேர்க்கப்பட்டவர்கள், புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்கள் நிலை வேறு. விடுதலைப் புலிகள் அமைப்பை 2006இல் கனடா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கேள்விக்கான பதில் ஒருவரின் அனுமதியையே தீர்மானிக்கும். தரகரைக் கேட்டோ உறவினரைக் கேட்டோ இதை எழுதாதீர்கள். குடிவரவுச் சட்டத்தரணியிடம் முழு உண்மையையும் சொல்லி, அவருடைய ஆலோசனையுடன் எழுதுங்கள்.

உண்மையான உறவு என்று காட்டுவது

எல்லா நாடுகளும் கேட்பது, இந்தத் திருமணம் விசாவுக்காகச் செய்யப்பட்டதா என்பதை. பேசிச் செய்த கல்யாணம் நமக்கு இயல்பு. அதிகாரிக்கு அதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். யார் மூலம் சம்பந்தம் வந்தது, எப்போது முதலில் பேசினார்கள், ஏன் சிறிய அளவில் திருமணம் நடந்தது, பெற்றோர் ஏன் வரவில்லை என்பதை ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதுங்கள். அலங்காரப் படங்கள் ஐம்பதை விட, லயத்து வாசலில் மாமியாரோடு நின்ற ஒரு படம் அதிகம் பேசும். பணம் அனுப்பிய சிட்டைகள், பயண முத்திரைகள், மாதத்துக்கு ஒன்றிரண்டாகத் தெரிவுசெய்த உரையாடல் பதிவுகள் போதும்.

நேர்காணல் இருந்தால் அது பெரும்பாலும் கொழும்பில் நடக்கும். பதுளையிலிருந்து 292 கிலோமீற்றர், ரயிலில் ஏறத்தாழ பத்து மணித்தியாலம். முதல் நாளே போய்த் தங்குங்கள். கணவன் என்ன வேலை செய்கிறார், யாரோடு இருக்கிறார், அவருடைய முந்தைய வாழ்க்கை என்ன என்று கேட்பார்கள். பாடமாக்கிப் போக வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரிந்திருக்க வேண்டியதைக் கேட்டு அறிந்துகொள்வது மனைவியின் உரிமையும்கூட. அவருடைய பழைய திருமணம், கடன், வழக்கு பற்றி விசா அதிகாரி கேட்கும்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

மறுக்கப்பட்டால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. கனடாவில் மனைவியைக் கூப்பிட்டவர் மறுப்புக் கிடைத்து 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் அதே தாள்களோடு புதிய விண்ணப்பம் போடாதீர்கள்.

கையெழுத்து உங்களுடையது

நகரத்துத் தொடர்பாடல் நிலையங்களிலும் பயண முகவர்களிடமும் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பவர்கள் இருக்கிறார்கள். படிவம் தட்டச்சு செய்ய உதவி பெறுவதில் தவறில்லை. ஆனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், மூல ஆவணங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அனுப்பியதன் முழுப் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். கனடாவுக்கான விண்ணப்பத்தில் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல அந்நாட்டு உரிமம் பெற்ற சட்டத்தரணிகளுக்கும் குடிவரவு ஆலோசகர்களுக்கும் மட்டுமே அனுமதி உண்டு. படிவத்திலுள்ள பொய்க்குப் பொறுப்பு அதை எழுதியவர் அல்ல, கையெழுத்திட்டவர்.

ஈஸ்வரியின் பாட்டன் 1949இல் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால், அவரிடமும் இதே கேள்விதான் கேட்கப்பட்டிருக்கும்: நீ யார் என்பதற்கு என்ன தாள் வைத்திருக்கிறாய்? அவரிடம் தாள் இருக்கவில்லை, அதைத் தேடிக்கொள்ள வழி சொல்லவும் ஒருவரும் இருக்கவில்லை. பேத்திக்கு வழி இருக்கிறது. வெளிநாடு போகாவிட்டாலும், பெயரும் பிறந்த நாளும் தாயும் தகப்பனும் சரியாக எழுதப்பட்ட ஒரு பிறப்புப் பத்திரம் அவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் உதவும். அடுத்த முறை பிரதேச செயலகத்துக்கோ நடமாடும் சேவைக்கோ போகும்போது, வீட்டிலுள்ள எல்லோருடைய பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.